மாடியில் இருந்த கோல்கீப்பர்

நம் தெரு வாட்ஸப் குழுவில் போன வாரம் யாரோ அந்தப் பழைய படத்தைப் போட்டதும், ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவர் என் அப்பா, அப்போது நம் கிளப்பின் செயலாளர். அவர் மகள் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களில் ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இதை நீங்கள் எல்லோருமே படித்தால் என்ன என்று தோன்றியது. முட்டிவலியையும் சர்க்கரையையும் பற்றி எத்தனை நாள்தான் பேசிக்கொண்டிருப்பது?

அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா ஆட்டக்காரர்கள் கழுத்திலும் மாலை இருக்கிறது. இடது ஓரத்தில் நிற்கும் கோல்கீப்பர் கழுத்தில் மட்டும் இல்லை. நம் கிளப் லீக்கில் முதலாவதாக வந்தது அந்த ஒரே வருஷம்தான், அதுவும் அவரால்தான். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் நம் ஆட்கள் நீட்டிய ஒரு சோடாவைக் குடிக்கவில்லை, ஓர் எலுமிச்சை மூடியைக்கூட வாங்கிக் கடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தலைக்கனம் பிடித்தவர் என்று நாம் சொல்வோமே, நினைவிருக்கிறதா? மைதானச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே நானும் உங்களோடு தலையாட்டியிருக்கிறேன். அது தலைக்கனம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

நம் காலத்து லீக் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். மில்லுக்கு ஒரு டீம், போலீசுக்கு ஒரு டீம், கோயில் தெருவுக்கு ஒன்று, சர்ச் தெருவுக்கு ஒன்று, கடலோரக் குப்பங்களிலிருந்து சில. ஆடுகிறவர்கள் யாரும் ஆட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இல்லை. ஒருவர் தறி ஓட்டுவார், ஒருவர் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார், ஒருவர் வலை இழுப்பார். ஆனால் நன்றாக ஆடினால், அப்பா வேலை பார்த்த மில்லில் நிரந்தர வேலை கிடைக்கும். அந்த வேலைக்காகத்தான் பாதிப் பேர் பந்தையே தொட்டார்கள்.

மழைக்காலத்தின் கடைசியில், யார் யார் எந்தக் கிளப்புக்கு ஆடுவது என்று கையெழுத்துப் போடும் நாள் வரும். போட்டுவிட்டால் அந்த வருஷம் மாற முடியாது. அதனால் கையெழுத்து நாளுக்கு முன்னால் நல்ல ஆட்டக்காரர்கள் ஊரிலிருந்து காணாமல் போவார்கள். யாரும் பயப்படமாட்டார்கள். எந்தக் கிளப் எந்த வீட்டில் பதுக்கி வைத்திருக்கிறது என்பதுதான் டீக்கடைப் பேச்சாக இருக்கும். எதிர் ஆட்கள் வந்து ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் சொந்த ஆட்டக்காரரையே பூட்டி வைப்பது. அதில் யாரும் தப்பு பார்க்கவில்லை. பதுங்கி இருப்பவருக்கும் அது கௌரவம், தினமும் கறிச்சோறு வேறு.

அதற்கு முந்தின வருஷம் நம் கிளப் தன்னுடைய ஹாஃப்பேக்கை அரியாங்குப்பத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டில் வைத்திருந்தது. கையெழுத்துக்கு முதல் நாள் அங்கே ஒரு தந்தி வந்தது. தாயார் கவலைக்கிடம், உடனே வரவும். அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் எதிர்க் கிளப்பின் கார் நின்றிருந்தது. மறுநாள் அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டார். அவருடைய அம்மா வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாராம். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அந்த வருஷம் நாம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்ததே பெரும்பாடு.

இதில் ஒரு விஷயத்தை அப்பா வெளியில் சொல்லமாட்டார், வீட்டில் மட்டும் பெருமையாகச் சொல்வார். அந்தப் பொய்த்தந்தி வித்தையை ஊரில் முதலில் செய்தது நம் கிளப்தான். யோசனை அப்பாவுடையது. எதிர்க் கிளப் அதைத் திருப்பிச் செய்தது, அவ்வளவுதான்.

கோல்கீப்பரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஐப்பசி மழையில், ஒரு பிற்பகலில். நான் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தேன், மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. முன்னால் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மாசமான பெண்களைத்தான் அப்படி அழைத்துவருவார்கள். திரையை விலக்கிக்கொண்டு இறங்கியவரின் கால் எங்கள் வீட்டுப் படியைவிட நீளமாக இருந்தது. தலையில் அம்மாவின் பழைய புடவை. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்ததும் அம்மா, "தங்கச்சி வந்துருக்கா மாமி, ஒடம்பு முடியல" என்று சொன்னாள். அன்றிலிருந்து மாமி தினமும் ஏதாவது ஒரு கஷாயம் கொடுத்தனுப்பினார். கோல்கீப்பர் அதையும் மறுக்காமல் குடித்தார். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மாடியில் ஒரே ஓர் அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மரக்கதவு போட்ட ஜன்னல் ஒன்று. அதைத் திறக்கக் கூடாது என்று அப்பா ஆணி அடித்திருந்தார். மாடிப்படியின் அடியில் ஒரு நாற்காலி போட்டுச் சொல்தா மாமா உட்கார்ந்திருப்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை நாம் சொல்தா என்போமே, அவர்களில் ஒருவர். கிளப்புக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். காவலுக்கும் அவர்தான். எதற்கெடுத்தாலும் "அலே, அலே" என்று பிரெஞ்சில் விரட்டுவார். ஆட்டக்காரர்கள் அவரை ஐயா என்பதற்குப் பதில் "முசியே" என்பார்கள். கோல்கீப்பருக்கு அவர் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு ஜோடி கம்பளிக் கையுறையைக் கொடுத்திருந்தார். அதன் ஆட்டு மயிர் வாசனை அறை முழுக்க இருந்தது.

"ஒரு சேதியும் மேல போவக் கூடாது" என்று அப்பா முதல் நாளே அம்மாவிடம் சொன்னார். "பேப்பர் வேணாம், ரேடியோவ கீழ கொண்டாந்துடு. யாரு வந்து என்ன சொன்னாலும், ஆரு செத்தாலும் சரி, இங்க யாரும் இல்லன்னு சொல்லு."

"விளக்கு வைக்கற நேரத்துல என்ன பேச்சு இது" என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் மேலே போக அனுமதி இருந்தது. பழந்துணியைச் சுருட்டிச் சணல் கட்டி அவர் ஒரு பந்து செய்து தந்தார். நான் எங்கிருந்து உதைத்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையை நீட்டிப் பிடித்துவிடுவார். ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கமாட்டார். சின்னப் பிள்ளையாயிற்றே, ஒரு கோலாவது விட்டால் என்ன என்று எனக்கு அழுகையாக வரும்.

"உட்டுட்டா கை பழகிடும் பாப்பா" என்பார். "என் தம்பிக்கே நான் உட்டதில்ல."

அந்தத் தம்பியைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. எங்களைவிட இரண்டு மூன்று வகுப்பு மேலே. கணக்கில் கெட்டி. இடது காலால் உதைப்பான். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான், குப்பத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். "அவனுக்குக் கடல் ஆவாது. எனக்கு மில்லுல வேல கெடச்சா எங்கப்பா மரத்த வித்துட்டு வல மட்டும் பாத்துக்கும். இவன் படிப்பான். அதுக்குத்தான் பாப்பா இந்தச் செறை." சொல்லிவிட்டு அறையைச் சுற்றிக் கைகாட்டிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஆணி அடித்த ஜன்னல் பக்கம் காதைக் கொடுப்பார். கடல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார்.

பிறகு ஒருநாள் காலையில் மீன்காரம்மா வந்தார். நம் தெருவுக்குக் கூடை கொண்டுவருபவர், உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் கோல்கீப்பரின் அத்தை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். கூடையை இறக்காமலே மாடிப்படிக்குக் கீழே பார்த்தார். அங்கே ஒரு ஜோடி பெரிய ரப்பர் செருப்பு கிடந்தது.

"யம்மா, மாடியில இருக்கறது எங்கண்ணன் மவன். செருப்பு சொல்லுது, மறைக்காத. அவன் இல்லன்னு சின்னவன மரத்துல ஏத்திக்கினு போறான் எங்கண்ணன். ஒத்த ஆளா மரம் தள்ள முடியாதுல்ல. கடலுக்கு ஆவாத புள்ளம்மா அது. பெரியவன் வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவங்கப்பன் கேப்பான்."

"இங்க யாரும் இல்லம்மா" என்றாள் அம்மா. அப்பா சொன்ன மாதிரியே சொல்லிவிட்டாள். மீன்காரம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கூடையோடு போய்விட்டார்.

அப்பா மில்லிலிருந்து வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியலங்க."

"போன வருஷம் தந்திகூடத்தான் பொய் சொல்ற மாதிரி தெரியல" என்றார் அப்பா. எதிர்க் கிளப் ஆட்கள் மீன் வாங்குகிற மாதிரி போய் அந்த அம்மாவை வளைத்திருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. செருப்பை எடுத்து உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலமே காற்று மாறியது. வேப்பமரம் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. மில் சங்கு வழக்கமாக எங்கள் வீட்டுக் கதவை அதிரவைக்கும், அன்றைக்கு எங்கோ தொலைவில் கேட்பது மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாகக் கடல் சத்தம் கேட்டது. முதலியார்பேட்டையில் நம் தெருவுக்குக் கடல் சத்தம் கேட்டதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? அன்றைக்குக் கேட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோ சொன்னது. அப்பா உடனே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார்.

மேலே கோல்கீப்பர் பந்து விளையாட வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இந்தக் காத்து நல்லா இல்ல பாப்பா" என்றார். "எங்கப்பா இன்னிக்கி போயிருக்காது. காலைலயே வானத்தப் பாத்துருக்கும்." அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. காலையில் மீன்காரம்மா வந்ததும் பேசியதும் எனக்குத் தெரியும். ஆனால் மரத்தில் ஏற்றுவது, ஆகாத பிள்ளை என்பதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிற வயது இல்லை அது. பெரியவர்கள் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்னால், கொட்டுகிற மழையில் ஒரு வயதானவர் வந்தார். தலைக்கு மேலே பிளாஸ்டிக் சாக்கு. அப்பாவும் சொல்தா மாமாவும் வாசலுக்குப் போனார்கள். நான் கதவு இடுக்கில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் அவனுக்குப் பெரியப்பன் சார். அவன் அப்பனும் தம்பியும் போன மரம் கவுந்துடுச்சி. அப்பன தூக்கியாந்துட்டோம், உசுரு கெடக்கு. சின்னவனக் காணம். தேடறதுக்கு ஊட்டுக்கு ஒரு ஆள் போவுது சார். சொந்த அண்ணன் இல்லாம எப்படி? ஒரே நாளு அனுப்புங்க. தேடிட்டு நாளைக்குக் காலைல நானே கொண்ணாந்து உட்டுடறேன். கையெழுத்துக்கு வந்துடுவான்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவின் முகம் அதைக் கேட்டதும் இறுகிவிட்டது. சொல்தா மாமாவைத் திரும்பிப் பார்த்து, "கையெழுத்து என்னிக்குன்னு எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கான் பாத்தீங்களா?" என்றார். குப்பத்துக்கே தெரிந்த நாள் அது. வீட்டை விட்டுப் போகும்போது மகன் சொல்லாமலா போயிருப்பான்? அது அப்பாவுக்குத் தோன்றவில்லை. ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"போன வருஷம் அம்மா, இந்த வருஷம் தம்பி" என்றார் சொல்தா மாமா. "நல்லாத்தான் யோசிக்கிறானுங்க."

"நீங்க ஊடு தப்பி வந்துட்டீங்க பெரியவரே" என்றார் அப்பா. மரியாதையாகத்தான் சொன்னார்.

"கடல் மேல சத்தியமா சார்."

அப்பா கதவைச் சாத்தினார். பெரியவர் போகவில்லை. எதிர்வீட்டுச் சார்ப்புக்குக் கீழே போய் நின்று எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோல்கீப்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடலில் மரத்துக்கு மரம் கூப்பிடுகிற குரல் அது. அப்பா ரேடியோவை உச்சத்துக்குத் திருப்பினார். ஏதோ ஒரு சினிமாப்பாட்டு வீட்டையே தூக்கிக்கொண்டு போனது. மழையும் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தபோது சார்ப்புக்குக் கீழே யாரும் இல்லை.

அம்மா மேலே சோறு கொண்டுபோனாள், நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன்.

"யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சிக்கா" என்றார் அவர்.

"ரேடியோப்பா."

அவர் தட்டைப் பார்த்தார். முட்டைக் குழம்பு. "ரெண்டு நாளா மீன் இல்ல. மார்க்கெட்டுக்கு மீன் வரலியா?"

"மழைப்பா."

"மழைக்கு மீன் வராம இருக்காதுக்கா. எங்கனா ஒரு குப்பத்துலேந்து வரும்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எங்க பக்கம் யாருனா கடல்ல செத்துப்பூட்டா, அன்னிக்கி ஒரு மரமும் தள்ள மாட்டாங்க. சுத்துப்பட்டு குப்பம் எல்லாமே."

அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கீழே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு திடீரென்று எழுந்து மாடிப்படியில் பாதிவரை ஏறினாள். சொல்தா மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "மதாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள். என் அம்மா எப்படிப்பட்டவள் என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு அந்தப் பாதிப்படிதான் நினைவுக்கு வருகிறது. அவள்மீது எனக்குக் கோபம் உண்டு. அவளை நினைத்தால் இரக்கமாகவும் இருக்கிறது.

கையெழுத்து நாளன்று வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. அப்பா வாடகைக் கார் பிடித்தார். பெரிய மார்க்கெட் பூக்கடையில் சொல்லிவைத்த மாலை வந்தது. ரோஜாவும் சம்பங்கியுமாக, என் இடுப்பளவு பருமன். ஆரத்தி எடுக்கச் சொன்னதற்கு அம்மா கை வலிக்கிறது என்றாள். "நீ வா" என்று அப்பா என்னைத் தூக்கி முன்சீட்டில் போட்டு மடியில் இனிப்புப் பெட்டியை வைத்தார். கையெழுத்து முடிந்ததும் நேராக அவர் குப்பத்துக்குப் போய் எல்லோருக்கும் லட்டு கொடுப்பது என்று திட்டம். அவருடைய அப்பாவைப் பார்த்து மில் வேலையைப் பற்றித் தானே சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அந்த ஆசை உண்மையானது. அதை நான் இன்றும் நம்புகிறேன்.

லீக் ஆபீஸ் வாசலில் எதிர்க் கிளப் ஆட்கள் நின்றிருந்தார்கள். மற்ற வருஷங்களில் ஏச்சும் பேச்சும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். அன்று யாரும் ஒரு சத்தம் போடவில்லை. கோல்கீப்பர் இறங்கியதும் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பேச்சே வரல பாரு பசங்களுக்கு" என்று அப்பா சொல்தா மாமாவிடம் முணுமுணுத்தார்.

கையெழுத்துப் போட்டு மாலையோடு வெளியே வந்தபோது, எதிர்க் கிளப்பின் வயதான செயலாளர் அப்பாவின் பக்கத்தில் வந்தார். "நாங்க இந்த வருஷம் அவனக் கேக்கல. வேணாம்னுட்டோம். சீக்கிரம் ஊட்டுக்கு இட்டுக்கினு போங்க" என்றார். அப்பா சிரித்தார். தோற்றவன் பேச்சு என்று நினைத்தார். கோல்கீப்பர் சிரிக்கவில்லை. அந்த ஆள் சொன்னதையே வண்டியில் ஏறியும் யோசித்துக்கொண்டு வந்தார்.

கடற்கரைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. பொங்கல் கழிந்து ஆட்டங்கள் தொடங்கியபோது, கோல்கீப்பர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவேண்டாம் என்று சொல்லிவரச் சொல்தா மாமா போனார். திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார். "வரேன்னுட்டான். 'தம்பி உசுர வாங்கிக்கினு போட்ட கையெழுத்து முசியே, ஆடாம உட்டா அவன் எதுக்குப் போனான்'னு கேக்கறான்." மில் வேலையை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அப்பனோடு கடலுக்குப் போனார். ஆட்டத்துக்கு வந்து நின்றார், யாருக்கும் ஒரு கோல் விட்டுக்கொடுக்கவில்லை, போனார். மனசு ஆறியதால்தான் வருகிறான் என்று அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பு வந்த அன்று வழக்கப்படி அது செயலாளர் வீட்டுக்கு வந்தது. அம்மா அதை உள்ளே வைக்க விடவில்லை. மாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் கைதட்டியபோது எனக்குத் தெரிந்தது அந்தக் கார்ப்பயணம்தான்.

ஊரைத் தாண்டி வடக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே மணல் பாதையில் கார் போனது. மழைத்தண்ணீர் அங்கங்கே குட்டையாக நின்றது. அப்பா வழிநெடுக மில்லைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். கோல்கீப்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் குப்பம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வெயில், காற்றில்லை, கடல் அமைதியாக இருந்தது. கட்டுமரங்கள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன. ஒரு வலைகூடக் காயவில்லை.

"சார், மரம் ஏன் எல்லாம் கரையில கெடக்கு?"

"திருவிழா எதுனா இருக்கும்ப்பா" என்றார் அப்பா.

அடுத்த குப்பத்திலும் அப்படியே கிடந்தன. அவர் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். என் முதுகுக்குப் பின்னால் அந்த விரல்கள் சீட்டை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு அந்த இடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவர்கள் குப்பத்தில் ஊரே கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருந்தது. கார் நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். கோல்கீப்பர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கழுத்தில் அந்த மாலை இருந்ததை அவர் மறந்தே போயிருந்தார். நாங்களும் மறந்துவிட்டோம். ரோஜா மாலையும் புதுச்சட்டையுமாக அவர் மணலில் நடந்து போனார். மீன்காரம்மா அவரைப் பார்த்ததும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அன்று மழையில் வந்த பெரியவர் மட்டும் எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்திலிருந்து அவருடைய அம்மா எழுந்து வந்தார். குட்டையான உருவம். மகனின் நெஞ்சளவுகூட இல்லை. அழவில்லை.

"ஆள் மேல ஆள் அனுப்பனேனடா. ஏண்டா வரல?"

அவருக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போய், இல்லாத முகம் எது என்று தெரிந்துகொண்டார். பிறகு மெல்லத் திரும்பினார். அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆள் வந்தாங்களா சார்?"

என் அப்பா கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார். லீக் கூட்டங்களில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

"வந்தாங்கப்பா" என்றார். "பொய்னு நெனச்சிட்டோம்."

கோல்கீப்பர் அவரைத் திட்டவில்லை. அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச காலம் நன்றாக வாழ்ந்திருப்பார். அந்த அம்மாதான் கையை உயர்த்தி, எக்கி, மகன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அலைக்குள் நடந்து போய்த் தண்ணீரில் வைத்தார். சின்ன மகனின் உடம்பு கரைக்கு வரவில்லை. அவனுக்குப் போட வேறு மாலையும் இல்லை, போட்டுக்கொள்ள அவனும் இல்லை.

அலை அந்த மாலையைத் திருப்பிக் கொண்டுவந்து மணலில் போட்டது. கோல்கீப்பர் போய் எடுத்தார். இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து உள்ளே தள்ளிவிட்டார். மறுபடியும் வந்தது. மறுபடியும் எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா என்னைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, வண்டியைத் திருப்பச் சொன்னார். என் மடியில் இனிப்புப் பெட்டி அப்படியே இருந்தது. சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கழுத்தளவு தண்ணீரில், மாலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார். கரையில் இருந்த யாரும் அவரைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.